எழுத்தத் தள்ளிச் சாய்க்காத, மாப்ளே!

மாப்ளே, உன் கடை வாசல்ல ‘டிசைனிங் ஸ்டூடியோ’ன்னு போர்டு தொங்குது. சந்தோஷம். அந்த போர்டுல இங்கிலீஷ் எழுத்து அத்தனையும் வலப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. தெருவுல போறவன் போர்டுதான் கழண்டு விழுதோன்னு ஒதுங்கிப் போறான். ஒதுங்கிப் போறவன் கடைக்குள்ள வரமாட்டான், அது ஒண்ணுதான் குறை. மத்தபடி பிரமாதம்.

உங்கம்மா வந்து, “தம்பி, நீ அச்சாபீஸ்ல காலத்த ஓட்டுனவன். பயலுக்கு நாலு நல்லது சொல்லு”ன்னா. நல்லது சொன்னா எந்தக் காலத்துல நீ கேட்டிருக்க? அதனால கெட்டத மட்டும் வரிசையாச் சொல்லப்போறேன். வழக்கப்படி மாமன் பேச்சுக்கு எதிராவே எல்லாத்தையும் செய். தொழில் உருப்பட்டுரும்.

கம்பாசிட்டருக்கு என்ன தெரியும்னு கேப்ப. ஈய எழுத்தக் கையால எடுத்துக் கோத்தவனுக்கு எழுத்தோட எடையும் தெரியும், எலும்பும் தெரியும். முதலாளி அலமாரியில அச்சுத்தொழில் பத்தி இங்கிலீஷ் புத்தகம் நாலஞ்சு இருந்துச்சு. அவரு அத அழகுக்கு வச்சிருந்தாரு, நான் ராத்திரி ஷிப்டுல படிச்சேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் யோசனை: வரலாறு எதுவும் தெரிஞ்சுக்காத. தெரிஞ்சா கை கூசும். எழுத்தச் சாய்க்கிற அந்த ‘ஐ’ பொத்தான இப்ப அழுத்துற மாதிரி அழுத்த மனசு வராது.

வெனிஸ் நகரத்துல ஆல்டஸ் மனூஷியஸ்னு ஒருத்தரு. அடிப்படையில வாத்தியாரு, கிரேக்கமும் லத்தீனும் கரைச்சுக் குடிச்சவரு. 1490கள்ல அச்சாபீஸ் வச்சாரு. வாத்தியாரு வியாபாரம் பண்ணுனா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல ஒரு கணக்கு இருக்குல்ல? அத அவரு பொய்யாக்கிக் காட்டுனாரு. அவருக்கு எழுத்து வெட்டிக் குடுத்தவரு பொலோஞா ஊர்க்காரரு, பேரு ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. எஃகுக் கம்பி முனையில எழுத்த இட வலமா மாத்திச் செதுக்கணும். அத செம்புத் துண்டுல அடிச்சுப் பள்ளம் எடுக்கணும். அந்தப் பள்ளத்துல உருக்குன ஈயத்த ஊத்தி எழுத்த வார்க்கணும். சாய்வு ஒரு மயிரிழை பிசகுனா கம்பியத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ‘அன்டூ’ கிடையாது மாப்ளே.

1500ல சியன்னா ஊர் புனித கேத்தரினோட கடிதங்கள அச்சடிச்சப்ப, ஒரு படத்துக்குள்ள நாலஞ்சு வார்த்தைய மட்டும் ஒரு புது சாஞ்ச எழுத்துல, இப்ப நாம இட்டாலிக்ங்கறோமே அதுல, வச்சு வெள்ளோட்டம் பாத்தாங்க. அடுத்த வருஷம், 1501ல, லத்தீன் கவிஞர் வர்ஜிலோட கவிதை முழுசும் அந்த எழுத்துல வந்துருச்சு. உரை, விளக்கம், உரைக்கு உரைன்னு எந்த உபத்திரவமும் இல்ல, மூலம் மட்டும். தாள மூணு தடவை மடிச்சா எட்டு இலை வரும்ல, அந்த ஆக்டேவோ அளவு. மேசைய விட்டு நகராத கனத்த புத்தகத்தப் பாத்துப் பழகுனவனுக்கு, கையில தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போகலாம்ங்கறது பெரிய விஷயம்.

அந்த எழுத்து எங்க இருந்து வந்துச்சு? படிச்சவங்க கையெழுத்துல இருந்து. அதுக்கு எம்பது வருஷம் முன்னால ஃபுளோரன்ஸ்ல நிக்கோலோ தே நிக்கோலின்னு ஒரு அறிஞரு. பழைய நூல்களக் காப்பி எடுக்கிறதே அவரு வேலை. நிதானமா ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி எழுதுனா ஆயுசு பத்தாதுன்னு, பேனாவ அதிகம் தூக்காம ஓட்டமா எழுதிப் பழகுனாரு. ஓட்டத்துல எழுத்து ஒடுங்குச்சு, லேசாச் சாஞ்சுச்சு. அந்தக் கை இத்தாலி முழுக்கப் பரவி போப் ஆபீஸ் எழுத்தர் வரைக்கும் போயிருச்சு. அதத்தான் கிரிஃபோ ஈயத்துல இறக்குனாரு. வேகத்துல வந்த சாய்வு அது. யாரும் உக்காந்து சாய்க்கல.

இடம் மிச்சம் பிடிக்கத்தான் சாய்ச்சாங்கன்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. கவிதைப் புத்தகத்துல வரி பாதியில முடிஞ்சுருது, பக்கத்துல வலப்பக்கம் வெள்ளையாக் கிடக்கு. அதுல என்னத்த மிச்சம் பிடிக்க? படிச்சவன் தன்னோட கையெழுத்துலயே படிக்கணும்னு ஆசைப்பட்டான், ஆல்டஸ் அந்த ஆசைக்கு அச்சு போட்டாரு. இன்னொரு கூத்து: அந்தப் புத்தகத்துல சின்ன எழுத்து மட்டும்தான் சாஞ்சிருக்கும். வரித் தொடக்கத்துல வர்ற பெரிய எழுத்து குட்டையா நிமிந்து நிக்கும். பெரிய எழுத்தையும் சாய்க்கலாம்னு மத்தவங்களுக்குத் தோணுனது அப்புறம்தான்.

புது எழுத்து விலை போச்சுன்னா அடுத்து என்ன நடக்கும்? உனக்குத் தெரியாததா! காப்பி அடிச்சாங்க. ஆல்டஸ் 1502ல வெனிஸ் செனட்டுகிட்ட உரிமை வாங்குனாரு, போப்புகிட்டயும் வாங்குனாரு. பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துக்காரனுக்கு அந்த உத்தரவு செல்லுமா? அவன் அதே எழுத்து, அதே அளவு, அதே புத்தகம்னு போட்டுத் தள்ளுனான். கோவம் தாங்காம ஆல்டஸ் 1503ல ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் அடிச்சாரு. ‘போலிய இப்படிக் கண்டுபிடிங்க: இன்ன பக்கத்துல இன்ன பிழை, இன்ன வரியில இன்ன பிழை, தாள்ல ஏதோ நாத்தம்’னு பட்டியல். லியோன்காரன் அந்த நோட்டீஸ வாங்கிப் படிச்சு, பட்டியல்ல இருந்த பிழையெல்லாம் திருத்தி அடுத்த பதிப்பு போட்டுட்டான். ஓசியில புரூஃப் பாத்துக் குடுத்தவரு ஆல்டஸ்தான்! உன் பென் டிரைவ்ல கிடக்கிற எழுத்துல எத்தனைக்கு ரசீது இருக்குன்னு நான் கேக்க மாட்டேன். லியோன்காரனுக்கு ஒரு பரம்பரை வேணாமா?

கிரிஃபோ கதை அதவிட விசேஷம். வர்ஜில் புத்தகத்துல அவரப் புகழ்ந்து ஆல்டஸ் மூணு வரிப் பாட்டே போட்டாரு. ஆனா உரிமை வாங்குனது ஆல்டஸ் பேருல. கிரிஃபோ சும்மா இருப்பாரா? பிரிஞ்சு ஃபானோ ஊருக்குப் போயி, சொன்சினோங்கற அச்சுக்காரருக்கு வேற ஒரு இட்டாலிக் வெட்டிக் குடுத்தாரு. 1503ல அந்த எழுத்துல பெட்ரார்க் கவிதை வந்துச்சு. ‘உண்மையில இந்த எழுத்தக் கண்டுபிடிச்சவரு கிரிஃபோதான், ஊரான் இறகச் செருகிக்கிட்டவரு வேற ஆளு’ங்கற தோரணையில முன்னுரை. கடைசியில கிரிஃபோ சொந்த ஊரு பொலோஞாவுக்கே திரும்பி, 1516 வாக்குல சின்னச் சின்னப் புத்தகமா அச்சடிச்சாரு. அங்க ஒரு சண்டை. தன் மருமகன இரும்புக் கம்பியால அடிச்சுக் கொன்னதா வழக்கு வந்துச்சு. 1518க்குப் பிறகு ஆளப் பத்தித் தகவலே இல்ல. எழுத்துக்காரங்களுக்கும் மருமகன்களுக்கும் அவ்வளவா ஆகாது மாப்ளே. என் பக்கத்துல உக்காரும்போது கொஞ்சம் தள்ளியே உக்காரு.

அவருக்குப் பின்னால ரோம்ல லுடோவிகோ அரிகி. போப் ஆபீஸ்ல எழுத்தரா இருந்தவரு. இந்தக் கையெழுத்த எப்படி எழுதணும்னு ‘லா ஒபெரினா’ன்னு 1522 தேதி போட்ட ஒரு சின்னப் புத்தகம் விட்டாரு. அப்புறம் அவரே எழுத்து வெட்ட வச்சு 1524ல இருந்து அச்சடிச்சாரு. நெட்டையான தண்டு, நுனியில லேசா வளைவு, வரிக்கு வரி நல்ல இடைவெளி. பாத்தா மூச்சு விட இடம் இருக்கும். 1527ல ரோம் நகரத்தப் படை புகுந்து சூறையாடுனப்ப மனுஷன் காணாமப் போயிட்டாரு. எழுத்து தப்பிச்சிருச்சு. நானூறு வருஷம் கழிச்சு, 1920கள்ல, ஃபிரெடரிக் வார்டுங்கறவரு அத மாதிரியா வச்சு எழுத்து வரைஞ்சாரு. புரூஸ் ரோஜர்ஸோட சென்டார்ங்கற நிமிந்த எழுத்துக்கு அதத்தான் ஜோடியாச் சேத்தாங்க.

இவ்வளவும் உனக்கு எதுக்கு? மறந்துரு.

ரெண்டாவது யோசனை: எழுத்தக் கிட்டப் போயிப் பாக்காத. தூரத்துல இருந்து பாத்தாத்தான் எல்லாம் ஒண்ணாத் தெரியும். கிட்டப் போனா வம்பு.

இங்கிலீஷ் சின்ன ‘ஏ’ எழுத்த எடுத்துக்க. நிமிந்த செரிஃப் எழுத்துல அதுக்கு மேல ஒரு கூரை இருக்கும், கீழ ஒரு வயிறு. இட்டாலிக்ல கூரை கிடையாது. ஒரு வயிறு, ஒட்டுனாப்புல ஒரு தண்டு, கையால எழுதுறோமே அந்த ‘ஏ’. சின்ன ‘எஃப்’ நிமிந்து நிக்கும்போது வரிக் கோட்டோட நின்னுக்கும். இட்டாலிக்ல கோட்டத் தாண்டிக் கீழ இறங்கும். சின்ன ‘என்’னப் பாரு. நிமிந்ததுக்கு ரெண்டு கால்லயும் செரிஃப், அதாவது பாதத்துல ஒரு குறுக்குக் கோடு. இட்டாலிக் ‘என்’னுக்குப் பாதக் கோடு இல்ல. பேனா உள்ள வரும்போது ஒரு சின்ன இழுப்பு, வெளிய போகும்போது ஒரு சின்ன கொக்கி, அவ்வளவுதான் அதுக்கு செரிஃப். நடுவுல இருக்கிற வளைவு தண்டோட அடியில இருந்தே பிரிஞ்சு மேல ஏறும். எழுதுனவன் பேனாவத் தூக்கலைன்னு அதுக்கு அர்த்தம்.

‘ஓ’ ஒடுங்கி நீளும். வார்த்தை முழுசும் நிமிந்ததவிட இடம் கம்மியா எடுக்கும். சாய்வு பெரும்பாலும் அஞ்சு டிகிரியில இருந்து பதினஞ்சுக்குள்ள. அதுலயும் பழைய ஆளுங்க ஒரே கோணத்தப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கல. 16ஆம் நூற்றாண்டுல ராபர்ட் கிரான்ஜோன்னு பிரெஞ்சுக்காரரு வெட்டுன இட்டாலிக்ல எழுத்துக்கு எழுத்து சாய்வு கொஞ்சம் மாறும். அளவுகோல் வச்சா தப்பு, கண்ணுக்கு சரி. அந்த மாறுதல்லதான் வரிக்குள்ள ஒரு நடை வருது.

எழுத்துப் பெட்டியில இருந்து கையால எடுத்தவனுக்கு இன்னொண்ணு தெரியும். ஈய எழுத்தோட உடம்பு நேரான சதுரக்கட்டை. சாஞ்ச எழுத்து அதுக்குள்ள அடங்காது. இட்டாலிக் ‘எஃப்’புக்குத் தலை ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம் கட்டைய விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். நீட்டுன அந்தப் பகுதிக்குத்தான் கெர்ன்னு பேரு. பக்கத்து எழுத்தோட தோள் மேல அது சாஞ்சுக்கும். மெஷின் அழுத்தத்துல முதல்ல உடையிறதும் அதுதான். தலை போன ‘எஃப்’ எந்த அச்சாபீஸ்லயும் கிடக்கும். அதுக்காகவே ‘எஃப்’பும் ‘ஐ’யும், ரெண்டு ‘எஃப்’பும் சேத்து ஒரே கட்டையில வார்த்துக் குடுப்பாங்க. உன் கம்ப்யூட்டர்லயும் அந்தக் கூட்டெழுத்து இருக்கு. நீ திறந்து பாத்திருக்க மாட்ட. பாக்காத.

மூணாவது யோசனை: கம்ப்யூட்டர் எதத் தந்தாலும் அதான் இட்டாலிக்னு வாங்கிக்க.

நீ வச்சிருக்கிற எழுத்துக் குடும்பத்துல இட்டாலிக் ஃபைல் இல்லைன்னா, பல மென்பொருள் உனக்கு ஒரு வார்த்தை சொல்லாது. நிமிந்த எழுத்தையே புடிச்சு ஒரு தள்ளு தள்ளி ‘இந்தா’ன்னு குடுத்துரும். கூரை போட்ட ‘ஏ’ கூரையோட சாயும். பாதக் கோடெல்லாம் அப்படியே இருக்கும். வளைவு ஒரு மூலையில கூராகும், எதிர் மூலையில சப்பையாகும், தடிப்பு மெலிவுக் கணக்கு கெட்டுப்போகும். காத்துக்கு வளைஞ்சு வளந்த தென்னையும் சாய்வுதான், லாரி இடிச்ச கரண்டுக் கம்பமும் சாய்வுதான். உன் டிசைன்ல முக்காவாசி ரெண்டாவது ரகம் மாப்ளே. சந்தேகம் வந்தா சின்ன ‘ஏ’யயும் ‘எஃப்’பையும் பாத்துக்க. செரிஃப் எழுத்துல ‘ஏ’க்குக் கூரையும் போகாம, ‘எஃப்’பும் கீழ இறங்காம இருந்தா பெரும்பாலும் அது லாரி வேலைதான்.

தள்ளிச் சாய்க்கிறதுக்கு வக்காலத்து வாங்குன பெரிய மனுஷன் இல்லாம இல்ல. ஸ்டான்லி மாரிசன்னு இங்கிலாந்துல எழுத்து விவகாரத்துல பெரிய தலை. நிமிந்த எழுத்துக்கு ஜோடின்னா அது நிமிந்த எழுத்தோட சாயல்லயே சாயணும், கையெழுத்து ஆட்டமெல்லாம் வேணாம்னு 1926ல கட்டுரையே எழுதுனாரு. கேட்டு நெதர்லாந்துல வான் கிரிம்பென் ஒண்ணு வரைஞ்சு பாத்தாரு, அமெரிக்காவுல டிவிக்கின்ஸ் ஒண்ணு வரைஞ்சு பாத்தாரு. டிவிக்கின்ஸோட எலெக்ட்ராவுக்கு அப்புறம் கையெழுத்துச் சாயல்ல வேற ஒரு இட்டாலிக் சேக்க வேண்டியதாப் போச்சு. அட, மாரிசனே 1932ல டைம்ஸ் நியூ ரோமன் கொண்டு வந்தப்ப அதுக்கு வச்சது வழக்கமான இட்டாலிக்தான். உபதேசம் ஊருக்கு. அவங்களும் பொத்தான அழுத்தல, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால சரிபாத்து வரைஞ்சாங்கங்கறத மட்டும் நீ கண்டுக்காத.

கம்ப்யூட்டர மட்டும் குத்தம் சொல்லக்கூடாது. லினோடைப் மெஷின் வந்தப்பவே இட்டாலிக்குக் கஷ்ட காலம் ஆரம்பிச்சிருச்சு. அதுல ஒரே பித்தளை அச்சுல நிமிந்த எழுத்தும் அதோட சாஞ்ச எழுத்தும் மேலயும் கீழயும் இருக்கும். அதனால ரெண்டும் ஒரே அகலம் இருந்தே ஆகணும். ஒடுங்க வேண்டிய இட்டாலிக்க இழுத்து அகலமாக்குனாங்க. ‘எஃப்’ வெளிய தலை நீட்ட முடியாம கழுத்தச் சுருக்கிக்கிச்சு. மெஷினுக்குச் சவுகரியம், எழுத்துக்குச் சங்கடம். உனக்கு அந்த நிர்ப்பந்தம் ஒண்ணும் இல்ல. நீ விரும்பியே செய்ற.

நாலாவது யோசனை: கொம்பு வச்ச பெரிய எழுத்தா வரிசையா நிறுத்து.

இட்டாலிக்ல பெரிய எழுத்துக்குச் சிலதுல நீண்ட வாலு, சுழிப்பு எல்லாம் இருக்கும். ஸ்வாஷ்ம்பாங்க. வார்த்தையோட முதல் எழுத்தா ஒண்ணு வந்து, பின்னால சின்ன எழுத்தெல்லாம் அடக்கமா நடந்தா அழகு. நீ என்ன பண்ற? மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, மண்டபம் பேரு, பட்டம், இன்ஷியல் அத்தனையும் ஸ்வாஷ் பெரிய எழுத்து. ஒவ்வொண்ணும் வால நீட்டி அடுத்ததோட வயித்துல குத்துது. போன முகூர்த்தத்துல உன் பத்திரிகை ஒண்ணு வந்துச்சு. அதுல பொண்ணு பேரு கீதாவா லீலாவான்னு தெரியாம, மொய்க் கவர்ல ‘மணமக்கள்’னு மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். பரவால்ல. பொண்ணு வீட்டுக்காரங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியும்ல.

அஞ்சாவது யோசனை: பக்கம் முழுசும் சாய்.

ஆல்டஸ் முழுப் புத்தகமே இட்டாலிக்ல போடலையான்னு மடக்குவ. போட்டாரு. அந்தக் கையெழுத்துலயே எழுதிப் படிச்சு வளந்த ஆளுங்களுக்குப் போட்டாரு. அம்பது அறுபது வருஷத்துலயே காத்து மாறிப்போச்சு. நிமிந்தது வீட்டுக்காரன், இட்டாலிக் பக்கத்துல நிக்கிற துணைன்னு ஐரோப்பாவுல தொழில்காரங்க முடிவு கட்டிட்டாங்க. இன்னைக்குப் படிக்கிறவன் கண்ணு நிமிந்த எழுத்துல பழகுன கண்ணு. ஒரு வரி சாஞ்சா நின்னு பாக்கும், ஒரு பக்கம் சாஞ்சா திருப்பிட்டுப் போயிரும். பத்திரிகையில பேரச் சாய், அது மங்கலம். பஸ் ரூட்டு, போன் நம்பரு, முகூர்த்த நேரம் எல்லாத்தையும் சாய்ச்சா வர்றவன் தாலி கட்டி முடிச்ச பிறகு பந்திக்குத்தான் வருவான். அதான் நோக்கம்னா சரி.

ஆறாவது யோசனை: எங்க சாய்க்கணும்னு ஒரு ஒழுங்கு இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாத.

இங்கிலீஷ் அச்சுல புத்தகத்தோட பேரு சாயும், அதுக்குள்ள இருக்கிற கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள்ள நிக்கும். கப்பல் பேரு சாயும், டைட்டானிக்கும் அப்படித்தான். பிற மொழிச் சொல்லு சாயும், நாடகத்துல ‘அழுதுகொண்டே வெளியேறுகிறான்’ங்கற குறிப்பு சாயும். வேப்ப மரத்தோட அறிவியல் பேரு அசாடிராக்டா இண்டிகா, ரெண்டு சொல்லும் சாயும். முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்துத் தொடக்கம். சுத்தி இருக்கிற வரியே சாஞ்சிருந்தா அந்தப் பேரு மட்டும் நிமிந்துக்கும். வித்தியாசம் காட்டுறதுதானே வேலை!

கணக்குப் புத்தகத்துக்கு வந்தா இன்னும் கறார். சின்ன ‘எம்’ சாஞ்சிருந்தா அது நிறை, மாறி. நிமிந்திருந்தா அது மீட்டர், அலகு. ஒரு எழுத்து, ஒரு சாய்வு, அர்த்தமே வேற. உள்ளூர் டுட்டோரியல் ஒண்ணுக்கு நீ அடிச்ச இயற்பியல் நோட்ஸ்ல ரெண்டையும் சேத்துச் சாய்ச்சிருக்க. பையன் மார்க் குறைஞ்சா நியூட்டன் மேல பழியப் போட்டுரு.

பைபிள் கதை இதவிட ருசி. 1560ல வந்த ஜெனீவா பைபிள்ல, மூலத்துல இல்லாம இங்கிலீஷ் ஓட்டத்துக்காக மொழிபெயர்ப்பாளர் சேத்த சொல்ல மட்டும் இட்டாலிக்ல போட்டாங்க. ‘இது எங்க கை, மூலம் இல்ல’ன்னு ஒரு நேர்மை. கிங் ஜேம்ஸ் பைபிள் நிமிந்த ரோமன் எழுத்துல வந்தப்பவும் இதே வழக்கம். இப்ப இட்டாலிக்னா அழுத்தம்னு பழகுனவன் அதப் படிச்சா எந்தச் சொல்லுல குரல உசத்துவான்? மூலத்துல இல்லாத சொல்லுல! சாய்வு எதுக்குன்னு தெரியாம படிச்சா வர்ற வினை அது. தெரியாம அச்சடிச்சா வர்ற வினைக்கு நீயே சாட்சி.

சாதாரண டைப்ரைட்டர்ல இட்டாலிக் கிடையாது. அதனால எழுதுறவங்க ஒரு சொல்லுக்குக் கீழ கோடு போட்டுக் குடுத்தா, கம்பாசிட்டரு அத இட்டாலிக்ல கோப்பான். கோடுங்கறது எங்களுக்கு உத்தரவு, படிக்கிறவனுக்கு இல்ல. நீ சாய்க்கவும் சாய்ச்சு, தடிப்பும் ஆக்கி, கீழ கோடும் போட்டு, சுத்தி மேற்கோள் குறியும் வைக்கிற. ‘சலுகை விலை’ங்கற ஒரு வார்த்தைக்கு இத்தனை போலீஸ் காவலா? மேற்கோள் குறியப் பாத்தாலே சனம் சலுகையச் சந்தேகப்படும்.

ஏழாவது யோசனை: எல்லா வேலைக்கும் ஒரே இட்டாலிக். மாத்துனா செலவு.

நகைக்கடை விளம்பரத்துக்கு போடோனி வகை இட்டாலிக் ஒத்துக்கும். தடிப்பும் மெலிவும் பட்டுனு பிரியும், பெரிசாப் போட்டா மினுக்கும். அதையே மருந்துச் சீட்டுல பொடி எழுத்தாப் போட்டா மெல்லிசு கோடெல்லாம் காணாமப் போயி மாத்திரை பேரு பாதிதான் தெரியும். கதைப் புத்தகத்துக்கு கேரமண்ட் குடும்பம். அதுக்குக் கூட வர்ற இட்டாலிக் பலதுக்கு மூலம் கிரான்ஜோன் வெட்டுனது. சம்பிரதாயமான அழைப்புக்கு பாஸ்கர்வில். பர்மிங்காம்ல ஜான் பாஸ்கர்வில் எழுத்துப் பயிற்சி குடுத்த வாத்தியாரு, கல்லறைக் கல்லுலயும் எழுத்து வெட்டுனவரு. 1757ல அவரு முதல்ல அச்சடிச்ச புத்தகமும் வர்ஜில்தான். அந்த இட்டாலிக் பெரிய எழுத்துகள்ல வாத்தியாரோட கைச்சுழிப்பு இன்னும் தெரியும். பேனா வாசம் வேணும்னா பலட்டினோ. ஹெர்மன் சாப்ஃப்ங்கற ஜெர்மன் கையெழுத்துக் கலைஞர் 1950 வாக்குல வரைஞ்சது. கம்ப்யூட்டர் திரைக்குன்னா ஜார்ஜியா. மேத்யூ கார்ட்டர் திரைப் புள்ளிகளக் கணக்குப் பாத்து வரைஞ்சது. பழைய திரையில சாஞ்ச கோடு படிக்கட்டாத்தான் தெரியும். அந்தப் படிக்கட்ட எங்க வைக்கிறதுன்னு மனுஷன் யோசிச்சிருக்காரு.

காசு இல்லைன்னு மூக்கால அழாத. ‘ஈபி கேரமண்ட்’ இலவசம், உரிமத்தோட இலவசம். 1592ல வந்த எழுத்து மாதிரித் தாளப் பாத்து வரைஞ்சது, அதோட இட்டாலிக் கிரான்ஜோன் வழி. பெரிசாத் தலைப்புப் போட ‘கார்மரன்ட்’டும் இலவசம். ரெண்டுக்கும் உண்மையான இட்டாலிக் ஃபைல் தனியா இருக்கு. நீ நிமிந்தத மட்டும் இறக்கி வச்சுட்டு இட்டாலிக்க இறக்காம விட்டிருப்ப. எனக்குத் தெரியும்.

எட்டாவது யோசனை, இதுதான் கடைசி: தமிழையும் சேத்துச் சாய்.

லத்தீன் எழுத்துக்கு நிமிந்த மரபு ஒண்ணு, ஓட்டக் கை மரபு ஒண்ணு, ரெண்டும் அச்சுல ஏறி ஜோடி சேந்துச்சு. தமிழ் அச்சுல அப்படி ரெண்டாவது கை ஒண்ணு ஜோடியா நிலைக்கல. அதனால தமிழ்ல நீ அந்தப் பொத்தான அழுத்துனா கிடைக்கிறது பெரும்பாலும் தள்ளிவிட்ட சாய்வுதான். ‘ண’வோட சுழி ஒரு பக்கம் நசுங்கும், ‘ஐ’ முன்னால குப்புற விழப் பாக்கும், ‘ட’வோட செங்கோணம் போயிரும். தமிழ்ல வித்தியாசம் காட்ட வேற வழி இருக்கு: மேற்கோள் குறி, தடித்த எழுத்து, அளவு மாத்துறது, இடம் விடுறது. எல்லாத்துக்கும் மேல, வாக்கியத்துலயே அழுத்தம் குடுக்க நம்ம மொழிக்கு ஒரு ‘தான்’ போதும், ஒரு ‘ஏ’காரம் போதும். ‘அவன்தான் வந்தான்’னு எழுதுனா எவனும் சாய்க்கச் சொல்லி வர மாட்டான்.

இவ்வளவு கெட்ட புத்தி சொல்லிட்டேன். எதிராச் செய்யத் தெரியும்ல உனக்கு? தெரியலைன்னா மாமன் வாயாலயே கேட்டுக்க. இட்டாலிக் வேணும்னா இட்டாலிக்னே வரைஞ்ச எழுத்த எடு, உரிமத்தோட எடு. படிக்கிறவன் காதுல குரல் மாற வேண்டிய இடத்துல வை, மத்த இடத்துல கைய எடு. அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னால சின்ன ‘ஏ’ய ஒரு தடவை பெரிசாக்கிப் பாரு. கூரை இருந்துச்சுன்னா அந்த வேலைக்குக் காசு வாங்காத.